ஷாட் முடியும்வரை அணைக்கக் கூடாது

மார்ச் 3, திங்கள்

இன்றும் கை ஆடியது. காலையில்தான் அதிகம். கேமராவை நகர்த்தும் திருகாணியைப் பிடித்ததும் விரல் தானாக ஒரு துள்ளு துள்ளுகிறது. கேமரா ஒரு கோடு நகர வேண்டிய இடத்தில் ஒன்றரைக் கோடு போய் நிற்கிறது. பின்னுக்குத் திருப்பினேன். திருப்பும்போது இன்னொரு துள்ளு. அண்ணி பொம்மையின் முழங்காலை மடக்குவதில் குனிந்திருந்தார், பார்க்கவில்லை. எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். எடுத்தோம்.

மதியம் தயாரிப்பாளர் வந்திருந்தார். இங்கேயே நின்று போனில் யாரிடமோ எங்களைப் பற்றி விளக்கினார். "அண்ணி பொம்மைய மயிரிழை நகர்த்துவாங்க, நாத்தனார் கேமராவ மயிரிழை நகர்த்துவாங்க, ஒரு ஸ்டில் எடுப்பாங்க. மறுபடியும் அதே. நாள் முழுக்க இப்படிச் செஞ்சா பொம்மை நாலு எட்டு நடக்கும்." கேட்டவருக்குப் பைத்தியக்கார வேலை என்று தோன்றியிருக்கும். அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே, "இந்தம்மா கை இருக்கே, கல்லு" என்றார். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மூலையில் ஒரு மோட்டார் ரெயில் சும்மா கிடக்கிறது. அதன்மேல் கேமராவை வைத்தால் மோட்டாரே நகர்த்தும், கை வேண்டாம். அதோடு வந்த சாஃப்ட்வேர் எங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது என்று போர்வை போர்த்தி ஓரங்கட்டிவிட்டோம். யார் யாரோ சேர்ந்து எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் சாஃப்ட்வேர் ஒன்று இந்த ரெயிலை இயக்குமாம். இன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அது மட்டும் ஓடிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

மார்ச் 5, புதன்

அண்ணி சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. பசி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சாஃப்ட்வேர் இறங்கியது. திறந்தால் அதை ஏற்ற இன்னொன்று வேண்டும் என்றது. அந்த இன்னொன்றுக்கு வேறொன்று. அந்த வேறொன்றின் பழைய பதிப்பு, புதியது ஒத்துக்கொள்ளாது. திரையில் வந்த கறுப்புப் பெட்டிக்குள் நான் ஒரு வரி தட்டினால் அது நாற்பது வரி கத்துகிறது. திட்டுகிறதா, சரி என்கிறதா, அதுகூடப் புரியவில்லை. அதன் வழிகாட்டியைக் கம்ப்யூட்டரிலேயே தமிழுக்கு மாற்றிப் படித்தேன். "இப்போது உங்கள் பலகைக்கு மின்னல் அடிக்கவும்" என்று வந்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிடலாம் போலிருந்தது.

நான் லென்ஸ் தெரிந்தவள். விளக்கு தெரிந்தவள். இது எனக்கு எதற்கு? எதற்கு என்று எனக்கே தெரியும். வாயை மூடு.

மார்ச் 6, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. கை நேற்றைவிடப் பரவாயில்லை.

மார்ச் 8, சனி

இந்தப் படம் எனக்குப் பிடித்திருக்க வேண்டிய படம். கையில் ஒரு லாந்தரோடு ஒரு சிறுமி இருட்டில் நடந்துகொண்டே இருக்கிறாள். நாங்கள் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வோம். கேமரா கூடவே மெதுவாகப் போகும். பின்னால் கறுப்புத் துணி, வேறெதுவும் இல்லை. சுவர் இல்லை, மரம் இல்லை, ஒரு கோடு இல்லை.

அதனால்தான் இவ்வளவும். பின்னால் ஏதாவது இருந்தால், ஆடுவது கேமரா என்று ஒரு நொடியில் தெரிந்துபோகும். வெறும் இருட்டில் ஆடுவது சின்னவள் மாதிரியேதான் தெரிகிறது.

இன்று எடுத்ததை ஓட்டிப் பார்த்தோம். லாந்தர் நடுங்கியது. அண்ணி மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடி. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். போன மாதம் மாற்றிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "முழங்கால் ஆணி லூசா இருக்கும்" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி, "எனக்குத்தான் வயசாகுது போல" என்றார்.

அப்படியெல்லாம் இல்லை அண்ணி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

முன்னேற்றம். சாஃப்ட்வேர் திறக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு சன்னல், நடுவில் ரெயிலின் படம், அதில் பொத்தான்கள். பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ரெயிலின் வயரைச் செருகினேன். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய போர்டு இருக்கிறது, கம்ப்யூட்டர் அதனிடம் சொல்லும், அது மோட்டாரிடம் சொல்லும். போர்டு கிடைத்துவிட்டது என்று சாஃப்ட்வேர் சொன்னது.

அடுத்த வரி: திறக்க அனுமதி இல்லை.

என் கம்ப்யூட்டர், என் ரெயில், எனக்கு அனுமதி இல்லையாம். வழிகாட்டியில் இதற்கு மருந்து இருக்கிறது. அனுமதி உள்ளவர்கள் வரிசையில் என் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். அதற்குக் கீழே, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும் என்று இருந்தது. அது எங்களால் ஆகிற காரியமில்லை. ஷாட் நடுவில் இருக்கிறது. கேமராவும் விளக்குகளும் இந்தக் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. அணைத்தால் லென்ஸ் ஒரு மூச்சு விட்டு வேறிடத்தில் வந்து உட்காரும், வெளிச்சம் ஒரு பங்கு மாறும், திரையில் சின்னவள் தூக்கிப் போட்ட மாதிரி குதிப்பாள். இரண்டு வார வேலை குப்பைக்குப் போகும். இந்த அறையில் ஷாட் முடியும்வரை எதையும் யாரும் அணைக்க மாட்டோம், மின்விசிறியைக்கூட. எல்லா வழிகாட்டியிலும் சம்பிரதாயமாக எழுதுகிற வரிதானே என்று அதைத் தாண்டிவிட்டேன். சாஃப்ட்வேரை மட்டும் மூடித் திறந்தேன்.

திறக்க அனுமதி இல்லை.

மார்ச் 12, புதன்

அந்தச் சாஃப்ட்வேர்க்காரர்கள் கேள்வி பதில் எழுதும் பக்கத்தில் என் பிரச்சினையைப் போட்டேன். மூன்று தடவை அழித்து அழித்து எழுதினேன். படிக்காத ஆள் என்று தெரியக் கூடாது என்று பார்த்தால், எழுதிய ஒவ்வொரு வரியிலும் அதுதான் தெரிகிறது.

மார்ச் 14, வெள்ளி

பதில் வந்திருக்கிறது. 'மரத்தவளை' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ. மரியாதையாக எழுதியிருந்தார். பெயரைச் சேர்த்தீர்களா, சேர்த்த பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டீர்களா என்று கேட்டிருந்தார்.

இரண்டுக்கும் ஆமாம் என்று எழுதிவிட்டேன். செய்யவில்லை என்றால் முதலில் போய் அதைச் செய் என்பார். ஏன் செய்ய முடியாது என்று விளக்க வேண்டும். எதற்கு இவ்வளவு அவசரமாக ரெயில் என்பார். வேண்டாம்.

மார்ச் 17, திங்கள்

மரத்தவளை சொன்னபடி வயரை மாற்றினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் வேறு வயர் கொடுத்தார், "எதுக்கும்மா இது?" என்று கேட்டார், பிரிண்டருக்கு என்றேன். அது எதற்குப் பொய் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். பழகிவிட்டது போல.

கோளாறு வயரில் இல்லை. அப்படியானால் போர்டாக இருக்கும் என்று எழுதினார். போர்டுக்குள் இருப்பதை அழித்துப் புதிதாக எழுதச் சொல்லிப் படிப்படியாகப் போட்டிருந்தார். பாதியில் போர்டின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. அணைந்தது அணைந்ததுதான். அண்ணி வரும் நேரம். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கும்போது விளக்கு மறுபடி எரிந்தது. போர்வையை இழுத்து மூடினேன்.

என்னடி மூலையில என்றார். எலி என்று நினைத்தேன் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

சாப்பிடும்போது அண்ணன் சொன்னான், "தண்ணி டம்ளரை ஏன் ரெண்டு கையால பிடிக்கிற, சின்னப் பிள்ளையாட்டம்?" சிரித்தேன். இனிமேல் தனியாகச் சாப்பிட வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

மரத்தவளை தன் விடுமுறை நாளில் உட்கார்ந்து எனக்காக சாஃப்ட்வேரில் எதையோ மாற்றி அனுப்பியிருக்கிறார். இப்படி ஒரு கோளாறைத் தான் பார்த்ததே இல்லை, புதிராக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார். முன்பின் தெரியாத மனிதர். படிக்கவே கூசியது. அதுவும் ஓடவில்லை.

ஆனால் இன்று எழுத வேண்டியது அதுவல்ல.

சாயங்காலம் அண்ணி சின்னவளின் இடது கையை நாலாவது தடவை சரிசெய்தார். சரிசெய்துவிட்டு, தன் வலது கையை மேசை விளிம்பில் படார் படார் என்று அடித்தார். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். பிறகு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அமைதியாகத்தான், சொன்னார்:

"தயாரிப்பாளர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன், கேமரா. வேற ஆளப் பாக்கட்டும். பொம்மை என் கையில நிக்க மாட்டேங்குது."

என்னை அவர் 'கேமரா' என்றுதான் கூப்பிடுவார், இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து. நான் அப்போதே கேமராவும் கையுமாகத் திரிந்தவள்.

அவசரப்படாதீங்க அண்ணி என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை பேசப் போவதாகச் சொன்னார்.

மார்ச் 21, வெள்ளி

இதுவரை இதை யோசிக்காமல் எப்படி இருந்தேன்? ரெயில் ஓடினால் கேமரா ஆடாது. கேமரா ஆடாவிட்டால் சின்னவளும் ஆட மாட்டாள். அண்ணி புதிதாக முழங்காலைத் தொட்டிருக்க மாட்டார், கண்ணாடியை மாற்றியிருக்க மாட்டார், ஒன்றும் செய்திருக்க மாட்டார், ஆனால் பொம்மை நேராக நடக்கும். அவர் என்ன முட்டாளா? முதல் முறை ஓட்டிப் பார்க்கும்போதே புரிந்துகொள்வார்.

மறைக்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன். அது வேலை செய்தால்தான் மாட்டிக்கொள்வேன். செய்யாவிட்டால் — செய்யாவிட்டால் அண்ணி போய்விடுவார், செய்யாத தப்புக்கு.

பேசாமல் விட்டால் என்ன? அண்ணி போனால் வேறொருவர் வருவார். அவருடைய பொம்மையும் ஆடும். எத்தனை பேரை அனுப்புவேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆடாத கை என்றுதான் என்னை எல்லோருக்கும் தெரியும். அது போய்விட்டால் மிச்சம் யார் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரிடம் போகாததற்கும் அதுதான் காரணம். பேர் வைத்துவிடுவார். பேர் வைத்துவிட்டால் அது இருக்கிறது என்றாகிவிடும்.

மார்ச் 23, ஞாயிறு

வழிகாட்டியை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். நான் தாண்டியது அந்த ஒரு வரிதான். அது எனக்கு எப்போதோ தெரியும். அணைக்க வேண்டுமென்றால் ஷாட்டைக் கைவிட வேண்டும். ஷாட்டைக் கைவிட அண்ணியிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். நடந்தபடியே எழுதிவிடுகிறேன், பிறகு மனசு அதைத் திருத்தி வைத்துக்கொள்ளும்.

அண்ணி வந்து கையுறையை மாட்டும்போதே ஆரம்பித்தேன்.

"அண்ணி, கம்ப்யூட்டர ஒருதடவ அணைச்சுப் போடணும்."

"ஷாட் நடுவுலயா? விளையாடுறியா?"

"இந்த ஷாட் வேணாம். எப்படியும் ஆடுது."

அவர் முகம் சுண்டிப்போனது. "ஆடுதுன்னு எனக்கும் தெரியும். இன்னிக்கு அவர்கிட்டப் பேசுறேன்னு சொல்லிட்டேன்ல. அதுக்குள்ள நீ ஒரு தடவ குத்திக் காட்டணுமா?"

"நீங்க இல்ல அண்ணி. கேமராதான் ஆடுது. என் கை."

நீட்டிக் காட்டினேன். காட்டுகிற நேரத்தில் நின்று தொலைத்துவிடுமோ என்று ஒரு பயம். நிற்கவில்லை. நன்றாகவே ஆடியது.

அண்ணி அதைப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். போன வருஷக் கடைசியிலிருந்து என்றேன்.

"அப்ப நான் கண்ணாடி மாத்தும்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"முழங்கால் புதுசா போட்டேனே. கூட நின்னு ஆணி எடுத்துக் குடுத்த."

என்ன சொல்றது, ஆமா எடுத்துக் குடுத்தேன், எல்லாம் தெரிஞ்சுகிட்டேதான் எடுத்துக் குடுத்தேன்.

"நான் என் கையையே போட்டு அடிச்சேன். நீ பாத்துக்கிட்டு நின்ன, கேமரா."

கையுறையைக் கழற்றி, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கம்ப்யூட்டரை அணைத்தேன். அது அடங்கியதும் அறையில் இப்படியொரு அமைதி இருக்கிறதே என்று தோன்றியது, கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. மறுபடி போட்டேன்.

உடனே ஓடியது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினால் ரெயில் ஒரு கோடு நகர்கிறது. இன்னொரு முறை அழுத்தினால் இன்னொரு கோடு. ஒன்றரை இல்லை, ஒன்றே கால் இல்லை, ஒன்று. இத்தனை நாள் இதற்காகத்தான் செத்தேன். கைகொட்டிச் சிரிக்க வேண்டிய நேரம். எதிரே சின்னவள் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறாள், அந்தக் காலைக் கீழே வைக்க ஆள் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

வீட்டில் அண்ணி பேசவில்லை. எனக்கான தட்டு மேசையில் இருக்கிறது, மூடி வைத்திருக்கிறது, சூடாக இருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை. அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினான். பிறகு மாடிக்கு வந்து, "கை எப்ப இருந்துன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான். அண்ணி அவனுக்கும் சொல்லிவிட்டார் போல. திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மரத்தவளைக்கும் உண்மையை எழுதினேன். அணைக்கவே இல்லை, பொய் சொன்னேன், உங்கள் விடுமுறையைக் கெடுத்தேன் என்று. ஏன் என்றும் எழுதினேன். அவர் இரண்டே வரி எழுதியிருந்தார். அந்தப் படியைப் பாதிப்பேர் தாண்டிவிடுகிறார்களாம். இனி வழிகாட்டியில் 'ஷாட் நடுவில் இருந்தாலும்' என்று சேர்த்துவிட்டாராம். இரண்டாவது வரியில், கைக்கு மருத்துவரைப் பாருங்கள் என்றிருந்தது.

மார்ச் 31, திங்கள்

அண்ணி வந்தார். நான் எழுந்து நின்றேன், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி. அவர் என்னைப் பார்க்கவில்லை, ரெயிலைச் சுற்றி வந்து பார்த்தார். தயாரிப்பாளரிடம் பேசவில்லை, புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார். சின்னவளை முதல் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினார். மாலைவரை எடுத்தோம். "ம்" என்பார், நான் பொத்தானை அழுத்துவேன், ரெயில் நகரும், எடுப்போம். அந்த "ம்" தவிர வேறு பேச்சில்லை.

கடைசியில் ஓட்டிப் பார்த்தோம். சின்னவள் நடந்தாள். லாந்தர் அவள் கையில் அசையாமல் இருந்தது, காலடி ஒவ்வொன்றும் தரையில் பதிந்தது. இவ்வளவு நாளும் இப்படித்தான் நடந்திருக்கிறாள், என் கைதான் கெடுத்திருக்கிறது. அண்ணி ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "இந்த மெஷின எப்படி ஓட்டுறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. எல்லாத்தையும்."

ஏப்ரல் 1, செவ்வாய்

தூங்கவில்லை. எல்லாத்தையும் என்றால் என்ன? பொம்மையும் அவரே, கேமராவும் அவரே என்றால் இந்த அறையில் எனக்கு என்ன வேலை? கேட்கலாம். கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா?

ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. போர்டு மக்கர் செய்தால் என்ன செய்வது, அது போன்றவை. அப்போது கூப்பிட வேண்டிவரும் அல்லவா. என் புத்தி போகிற போக்கைப் பார்.

ஏப்ரல் 4, வெள்ளி

எதையும் விடாமல் சொல்லிக் கொடுத்தேன். ரெயிலைப் பூட்டுவது, வேகம் வைப்பது, வழி குறிப்பது, போர்டின் விளக்கு அணைந்தால் பதறாமல் இருப்பது. பிரச்சினை என்றால் மரத்தவளையிடம் கேளுங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். அண்ணியின் வாய் ஓரமாகக் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது.

அவருக்கு விரைவாக வருகிறது. என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறார். சாயங்காலம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன், எல்லாம் தானாக நடந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

கேட்டேவிட்டேன். இந்தப் படம் முடிந்ததும் நான் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று. அண்ணி பொம்மையின் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"நாளைக்குக் காலைல உனக்கு டாக்டர்கிட்ட பேர் குடுத்திருக்கேன். உங்கண்ணன்தான் நேரம் கேட்டு வாங்கினார். ஷாட் நடுவுல இருக்குன்னு சொல்லிக்கிட்டு நீ போக மாட்ட. அதான் மெஷின நானே கத்துக்கிட்டேன்."

நான் அண்ணி என்று ஆரம்பித்தேன்.

"இரு. கோவம் போயிடுச்சுன்னு நெனைச்சுக்காத. அது போகல. அது வேற, இது வேற. பொத்தான அழுத்து."

அழுத்தினேன். சரியாகத் தெரியவில்லை, கண் மங்கியிருந்தது. மெஷினுக்கு அது ஒன்றும் பிரச்சினை இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டாக்டர் இளவயதுக்காரி. கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். என் சுருள் கோழி கிளறிய மாதிரி வந்தது. அதைப் பார்த்துவிட்டு, பேர் வைக்க அவசரப்படவில்லை, இன்னும் சில பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். இன்றே எல்லாம் எடுத்துவிடலாம், சாயங்காலம் ஆகிவிடும் என்றார். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"இல்லங்க. அண்ணிதான் வந்திருப்பாங்க, இன்னிக்கு அவங்க என் வேலையையும் சேத்துப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அப்படியானால் அவசரமில்லை, பரிசோதனைகளை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். சரி என்று போய் வரிசையில் உட்கார்ந்தேன்.